எண்ணெய் எங்கிருந்து வருகிறது

மார்ச் 4

அச்சக எந்திரங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் என் கணவருக்கு,

'அன்புள்ள' என்று எழுத மனம் வரவில்லை. அதனால் எழுதவில்லை.

இரண்டு வருடம் கூடத்தில் பரப்பிப் போட்டு, நான் தாண்டித் தாண்டி நடக்கும்படி செய்து, நீங்கள் புதிதாகக் கட்டி முடித்தீர்களே என் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள், அது எண்ணெய் கக்குகிறது. சொட்டுச் சொட்டாக இல்லை, குளமாக. காலையில் வீட்டுக்காரம்மா அதில் வழுக்கி, தூணைப் பிடித்துத் தப்பினார். "வண்டி வெளிய போகணும், இல்லேன்னா நீ போகணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கையோடு இன்னொன்றும் சொன்னார். நான் தங்கியிருக்கும் இந்த அறையை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுப்பதாக மாதக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டால் நம் வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போனில் கூப்பிடாதீர்கள். நான் தொண்டை வறளக் கத்துவேன், நீங்கள் "ம்" கொட்டுவீர்கள். என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
வண்டியின் சொந்தக்காரி


மார்ச் 9

அன்புள்ள பட்டாசு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈரம் தெரிகிற இடம்தான் ஒழுகுகிற இடம் என்று நினைக்காதே. எண்ணெய் மேலே கசிந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். முதலில் எஞ்சினை மண்ணெண்ணெய் தொட்டுப் பளிச்சென்று துடை. காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை எல்லாப் பக்கமும் தூவு. தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்து பார். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

முடியாவிட்டால் இங்கே கொண்டு வா. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 13

நான்தான் அவர்களுக்கு,

'நான் பார்த்துக்கொள்கிறேன்.' இந்தப் பேச்சைக் கேட்க முடியாமல்தானே வீட்டை விட்டு வந்தேன்! உங்கள் அக்கா என்னை வாய்க்கு வந்தபடி பேசியபோதும் இதையே சொன்னீர்கள். எனக்கு வந்த வெளியூர் வேலை வேண்டாம் என்று நீங்களாகவே போய்ச் சொன்னபோதும் இதையே சொன்னீர்கள். என்ன பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒருநாளாவது என்னிடம் சொன்னதுண்டா?

பவுடர் தூவினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ஓர் இடத்தில் நனைந்திருந்தால் பரவாயில்லை. மேல் மூடி, பக்க மூடி, அடிப்பாகம் என்று எல்லா இணைப்பிலும் ஒரே சமயத்தில் நனைந்திருக்கிறது. இணைப்புகளின் நடுவே ஒழுகாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் எல்லாம் நீங்கள் புதிதாகப் போட்டவை. அத்தனையும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகக் கெட்டுப்போகுமா?

வண்டியின் சொந்தக்காரி


மார்ச் 17

அன்புள்ள பட்டாசு,

கோபப்படாதே. போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பார். பலம் கொடுத்து இறுக்காதே, மரை போய்விடும். வேறொன்றும் தோன்றவில்லை. நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே எல்லாம் நலம்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 21

பொய் சொல்ல வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

பல் செட் செய்கிற என் வேலையிடத்திலிருந்து, வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்தேன். எஞ்சினுக்குப் பின்னால், கண் எட்டாத இடத்தில், அந்த ரப்பர் குழாய். எஞ்சின் இதன் வழியாகத்தான் மூச்சு விடும் என்று கட்டும்போது எனக்குக் காட்டியவரே நீங்கள்தான். அதன் முனையில் ஒரு போல்ட்டைத் திணித்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. கம்பியின் முடிச்சைப் பார்த்ததுமே அது யார் கைவேலை என்று தெரிந்துவிட்டது. உள்ளே சேருகிற காற்று போக வழியில்லாமல், கிடைத்த இணைப்பிலெல்லாம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளுகிறது.

என் தோழியின் வீட்டு விருந்துக்குப் போன அன்று அந்தக் குழாய் என் வெள்ளை உடுப்பில் எண்ணெயைத் தெளித்தது. நான் கத்தினேன். "சரி, பாத்துக்கறேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு தெளிக்கவில்லை. சரி செய்துவிட்டீர்கள் என்று நம்பிய என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல!

போல்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். இனி உடுப்பில் தெளிக்காதபடி ஒரு ரப்பர் குழாய் வாங்கிச் சேர்த்துப் பின் சக்கரத்தையும் தாண்டி நீட்டியிருக்கிறேன். மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் தூவி ஓட்டினேன். எல்லா இணைப்புகளும் காய்ந்து கிடக்கின்றன. வண்டிக்கு இனி நீங்கள் தேவையில்லை. எனக்கும் தேவையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


மார்ச் 25

ஆமாம், நான்தான் அடைத்தேன்.

அந்த விருந்தில் அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "இவருக்கு ஒரு வேலையும் உருப்படியா வராது, கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். துருப்பிடித்த இரும்புக் குவியலை வண்டியாக்கியவன் நான், தட்டும் கையுமாக நின்றேன். வீட்டுக்கு வந்து கையில் கிடைத்த போல்ட்டைத் திணித்தேன். எஞ்சினுக்கு ஆகாது என்று தெரிந்தேதான் திணித்தேன். நாசமாகப் போகட்டும் என்று நினைத்தேன்.

எனக்குக் கோபமே வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வரும். ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாயே, நான் என்ன, வாடகைக்கு இருந்தவனா? உன் வேலை விஷயத்தில் நான் செய்தது தப்பு. அதற்காக என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

கையெழுத்துப் போடுவதானால் போட்டுக்கொள்!


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

படித்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் எழுதியதில் பாதி அநியாயம். மீதிப் பாதி உண்மை.

வீட்டுக்காரம்மாவிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், சண்டை போடத்தான் வருகிறேன். கதவைத் திறந்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்டுப் பேச்சை மாற்றினீர்களானால் அப்படியே திரும்பிவிடுவேன். அந்தச் சிரிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். நான் கத்துவேன். நீங்களும் கத்த வேண்டும்.

உங்கள்
பட்டாசு