அப்பாவுக்கு வந்தது காய்ச்சலா?

சிங்கப்பூர், 12-8-1963

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊரடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னிக்கணும். உங்க முழங்கால் வலி தேவலையா?

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, பாப்பாவைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போனேன். பாப்பா அளவே எடையுள்ள சீனப் பிள்ளையை டாக்டரம்மா சும்மா அனுப்பிவிட்டார். என்னிடம் மட்டும், "பருமன் எல்லா இனத்துக்கும் ஒன்றுபோல இல்லை. தமிழர்களுக்குச் சர்க்கரை வியாதியையும் கூட்டிவருகிறது. உங்க அப்பா குண்டா? எதனால் இறந்தார்?" என்றார்.

காய்ச்சல் என்றேன். என் கல்யாணம் பேசும்போது நீங்க சொல்லிக்கொடுத்த காய்ச்சல்தான். காய்ச்சலுக்கா அப்பாவின் கால்விரலை எடுத்தார்கள்? மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீங்களோ, "பிள்ளையைத் தராசில் வைக்காதே, கண்ணு பட்டுரும்" என்றே எழுதுகிறீர்கள். இவருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை அம்மா.

நெய் அனுப்பவேண்டாம். தூளி கட்ட உங்க பழைய சேலை ஒன்று, துவைக்காமல் அனுப்புங்க. அப்பாவின் வியாதியை ஒரே வரியில் எழுதி, சீக்கிரம் பதில் போடுங்க.

மகள்
மரிய செல்வி