இறங்காத கோடு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் திரையில் கோடு மேலே போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

மின்சாரம் தரும் எரிபொருள் கலத்துக்குள் ஆக்சிஜனை வேலை வாங்கப் பிளாட்டினம் வேண்டும். அது யானை விலை, குதிரை விலை. அதற்குப் பதிலாக, கேன்டீனில் கொட்டும் டீ சக்கையைக் கரியாக்கி, அதில் துளி இரும்பை ஏற்றி அதே வேலையை வாங்கப் பார்ப்பது – நாலு வருஷமாக என் பிழைப்பு இதுதான். பக்கத்து மேசை நெட்டை அந்தக் கறுப்புப் பொடிக்கு 'சக்கை' என்றே பெயர் வைத்துவிட்டான். அமிலத்தில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிப் படுத்தியெடுத்தால் எந்தப் பொடியும் போகப்போகச் சோர்ந்துவிடும். அதன் திறனைக் காட்டும் கோடு கீழே இறங்கும். சக்கை சோரவில்லை. நாளுக்கு நாள் தெம்பாகிறது.

"பாத்தியா, பாடுபடுத்தப் படுத்தத் தெளியுது!" என்றார் பேராசிரியர். 22-ம் தேதி மாநாட்டில் இதைத்தான் பேசப்போகிறார். மே மாதம் நான் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாமாம். அப்படியென்றால் ஜூனில் என் பாப்பா இங்கே வந்து பள்ளியில் சேர்ந்துவிடுவாள்.

மார்ச் 6, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். பாப்பா அங்கே போய் ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. "உன் பொடி நல்லாருக்காம்மா?" என்று கேட்டாள், காய்ச்சலில் கிடப்பவரை விசாரிக்கிற மாதிரி.

"ரொம்ப நல்லாருக்கு கண்ணு."

சொல்லிவிட்டு ஏன் அப்படி அழுதேன்?

மார்ச் 8, சனி

அடிக்க அடிக்க யாருக்காவது பலம் கூடுமா?

மார்ச் 10, திங்கள்

கண்ணாடிக் கலத்தைக் கழுவும்போது பார்த்தேன். மின்சுற்றை முடிக்கும் எதிர்முனையில் பிளாட்டினக் கம்பி.

ஜனவரியில், அந்த இடத்தில் இருந்த என் கார்பன் தண்டு கீழே விழுந்து உடைந்தது. "ரெண்டு நாளைக்குத்தான்" என்று நெட்டையிடம் இந்தக் கம்பியைக் கேட்டு வாங்கி மாட்டினேன். மாட்டியதோடு சரி, சுத்தமாக மறந்துபோனேன்.

பிளாட்டினம் அமிலத்தில் மெல்லக் கரையும். கரைந்தது நீந்தி இந்தப் பக்கம் வந்து என் சக்கைமேல் படியும். யாருடைய தயவும் வேண்டாம் என்று இத்தனை நாள் தம்பட்டம் அடித்தேனே, அதே பிளாட்டினம்தான் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறதோ? கோடு ஏறியதெல்லாம் அதனால்தானோ? ஐயோ, புதுசாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை எச்சரித்துப் பாடம் எடுப்பதே நான்தானே! எனக்கு எங்கே போயிற்று புத்தி?

மார்ச் 11, செவ்வாய்

இவரிடம் மட்டும் சொன்னேன். கிடங்கிலிருந்து களைத்து வந்தவர், சட்டைகூட மாற்றாமல் முழுசாகக் கேட்டார்.

"நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

தட்டை எடுத்துவைத்துச் சோறு போட்டேன்.

அவரே சொன்னார்: "உனக்குத் தெரியும். நீ தூங்க மாட்ட. அப்புறம் என்னையும் தூங்கவிட மாட்ட."

சிரிப்பு வந்தது.

மார்ச் 12, புதன்

நெட்டையின் கார்பன் தண்டை வாங்கி மாட்டினேன். புது அமிலம், புதுப் பொடி. எதற்கு என்று கேட்டான். மழுப்பினேன். கோடு ஏறிவிடு, ஏறிவிடு என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் – படித்தவள் செய்கிற வேலையா இது?

மார்ச் 14, வெள்ளி

ஏறவில்லை.

தொடங்கியது பழைய இடத்தில்தான். பிறகு மற்ற எல்லாப் பொடியையும் போல மெதுவாக இறங்குகிறது. ஆக, சக்கை மோசமில்லை. ஓரளவுக்கு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயமெல்லாம் கம்பியிலிருந்து வந்தது.

மார்ச் 17, திங்கள்

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு கோட்டையும் அவர் மேசைமேல் வைத்தேன்.

"கம்பிய மாத்தினத ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்ட." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"மாநாட்டுல நான் பேசல. இப்பவே அவங்களுக்கு எழுதிடறேன். நீ ஜனவரிலேந்து எல்லாத்தையும் திரும்ப அள."

"எவ்வளவு நாளாகும் சார்?"

"வருஷக் கடைசி ஆயிடும். கூடவும் ஆகலாம்."

ஜூன் போயிற்று. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 19, புதன்

அக்காவிடம் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"உன் கம்பி கரைஞ்சா அதுக்கு என் பொண்ணு என்னடி பண்ணுவா?"

என் பொண்ணு என்றாள். சுருக்கென்றது. ஆனால் அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"படிப்பு முடிஞ்சாத்தான் கூட்டிட்டுப் போவேன்னு உன்னை யாரு சபதம் போடச் சொன்னா? பொடி பொடின்னு அவளும் சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருக்கா, பாவம். ஜூன்னு சொன்னல்ல? ஜூன்னா ஜூன்தான்."

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானே போட்டது.

மார்ச் 22, சனி

இன்று மாநாடு. பேராசிரியர் இங்கேயே, தன் அறையில். கதவு சாத்தியிருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

இவர் காலை ஷிஃப்ட் கேட்டிருக்கிறார். ஜூனில் பாப்பா வந்ததும் மதியத்துக்குமேல் வீட்டில் இருப்பாராம். தலை வாரிவிடக் கற்றுக்கொள்ளப் போகிறாராம், என் தலையை வைத்து! பிடுங்கியதில் பாதி முடி கையோடு போயிற்று.

ஜூன் 9, திங்கள்

பாப்பாவுக்கு இன்று பள்ளி திறந்தது. ரெட்டைப் பின்னல், ஒன்று மேலே ஒன்று கீழே. பள்ளி விட்டதும் இவர் அவளை நேரே என்னிடம் கூட்டிவந்துவிட்டார். எழுதும் அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா கீழ போகுது? பொடிக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல கண்ணு. அப்படித்தான் போகணும்."

"அப்ப நான் திரும்பப் பெரியம்மா வீட்டுக்குப் போகணுமா?"

அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். "வேண்டாம். அது எப்படிப் போனாலும் நீ இங்கதான்."

பின்னால் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ! எழுந்திருக்கப் போனேன், கையமர்த்தினார்.

"எப்படிப் போகுது?"

"போன வாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கு சார்."

குனிந்து திரையைப் பார்த்தார். "நல்லது," என்றார்.

பாப்பாவுக்குப் பசி. வேலை பாக்கி இருந்தது, இருக்கட்டும் என்று கிளம்பிவிட்டோம்.