குளியலறையில் தொங்கும் குழல்

மார்ச் 3, செவ்வாய்

விடியமுதல் மழை. வெளியே 9 பாகை. குளியலறையில் 19, ஈரப்பதம் 78. முப்பது வருடமாக இந்தக் குளிர்தேசத்து நோர்பரி வீட்டின் ஈரத்தைத் திட்டியிருக்கிறேன். இன்றுதான் முதல் தடவையாக அது தேவைப்படுகிறது.

வேலை: துவக்கின் குழலுக்குத் துருநிறம் ஏற்றுவது. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போட்டு இடிக்கும் பழைய மாதிரித் துவக்கு. குழல் வந்தபோது வெறும் இரும்பு, கரண்டி போலப் பளபளப்பு. அதற்குத் துரு ஏற்றும் திரவம் பூசி வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, மறுபடி பூசி, ஏழெட்டுத் தடவை. கடைசியில் நல்ல மண்ணிறம். அதன்பிறகு லேசில் துரு ஏறாது. கையேட்டில் அப்படி.

நான் போகும் பழந்துவக்குக் கழகத்தில் எல்லோருடைய துவக்கையும் பார்த்துச் சரி பிழை சொல்பவர் ரொன். எண்பது வயது. போன மாதம் அவர், "கடைக்கு அனுப்பிவிடு, நேதன்" என்றார். (நாதன் என்று அவருக்கு வராது.) நான், "வீட்டிலேயே செய்கிறேன்" என்றேன். எல்லோர் முன்னாலும். எப்படி வாயில் வந்ததோ. இரண்டு வருடத்தில் அங்கே நான் சத்தமாகச் சொன்ன முதல் வசனம் அதுவாக இருக்கலாம்.

15ஆம் திகதி ஞாயிறு, ரொன் பார்க்கக் கழக மேசையில் வைக்க வேண்டும். சரிவராவிட்டால் அந்தப் பக்கம் இனிப் போவதில்லை.

இன்று செய்தவை:
1. குழலின் இரு முனையிலும் மர ஆப்பு. பிடிப்பதும் தொங்கவிடுவதும் அதிலேயே.
2. ஸ்பிரிட்டால் துடைத்தல், மூன்று தரம்.
3. வெள்ளைச் சோக்குக்கட்டித் தூளைக் குழைத்துப் பூசி, காயவிட்டுத் துடைத்தல். எண்ணெய் துளி இருந்தாலும் அந்த இடத்தில் துரு பிடிக்காது.

சோக்கு காய்ந்துகொண்டிருக்கும்போது மனைவி சரசு கதவடியில்.

"துவக்குக்கும் திருநீறோ?"

"சோக்கப்பா. எண்ணெய் எடுக்க."

"எத்தினை நாளைக்கு உந்தச் சாமான் இஞ்ச தொங்கப்போகுது?"

"ஒரு பத்துப் பன்னிரண்டு நாள்."

"ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன். இஞ்ச குளிக்கிற இடத்தில கட்டித் தொங்கவிடுது."

காய்ந்த சோக்கைத் துடைத்தேன்.

முதல் பூச்சு 4.30 பி.ப. ஒரே இழுவை, திரும்பிப் போகக் கூடாது. கோடு நேர்தான்.

மார்ச் 5, வியாழன்

மூடுபனி. பிரஷர் குளிசை எடுக்கப் போனது, மருந்துக்கடையில் நீண்ட வரிசை. கறிவேப்பிலை வாங்க மறதி.

பூச்சு 3. குழல் முழுக்க மஞ்சள் தூள் சிந்தியதுபோல் துரு. ஸ்டீல் வூல் என்ற இரும்பு நாரால் மெல்லத் தேய்த்தேன். கடையில் வரும் ஸ்டீல் வூலிலும் எண்ணெய் இருக்கும், ஆகவே அதையும் ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து. துருவின் அடியில் இளம் பழுப்பு. எங்கும் ஒரே சீர்.

நேரம், பாகை, ஈரம், செய்தது எல்லாம் தனிக் கொப்பியில். தண்ணீர் மாதிரிகளைச் சோதித்த ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடம். பழக்கம் போகாது.

ச. (சரசு) பல் விளக்குவது இப்போது குசினியில்.

மார்ச் 7, சனி

வெயில். எண்ணெய் முழுக்கு, ரசம், மத்தியானம் சற்றுத் தூக்கம். பூச்சு 5 காலையிலேயே ஆயிற்று. இதுவரை நன்று. அப்படி எழுதப் பயமாயிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மேகம். எழுதப் பயந்தது சரி.

வாய்ப்பக்கமிருந்து ஒரு அடி தள்ளி மூன்று வெளிறிய புள்ளிகள். வரிசையாக. அங்கே மட்டும் துரு பிடிக்கவில்லை. எண்ணெய்.

குசினிக்குப் போனேன். நேற்று வாழைக்காய் பொரித்தாள், புகை மேலே வந்திருக்கும்.

"நேற்றுப் பொரிக்கேக்க கதவு பூட்டினனீரோ?"

"பூட்டித்தான் பொரிச்சனான். நான் உங்கட சாமானைத் தொட்டதுமில்லை. கிட்டப் போகவே எனக்குப் பயம்."

மேலே வந்து கொப்பியைத் திறந்தேன். என் கையெழுத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக:

சனி 7.40, எண்ணெய் முழுக்கு.
சனி 8.50, பூச்சு 5.

சீயாக்காய் போட்டு முழுகினேன்தான். கையை இருமுறை கழுவி, வெள்ளைக் கையுறையும் போட்டேன். ஆனால் கண்ணாடிக் காம்பைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவது என் வழக்கம். காதுக்குப் பின்னால் நல்லெண்ணெய். கையுறையை எடுத்து முகர்ந்தேன். மூன்று விரலிலும் எள் வாசம்; பூசுமுன் குழலில் பட்டிருக்க வேண்டும்.

எத்தனை பேருடைய கொப்பியில் இப்படிப் பிழை பிடித்திருக்கிறேன். என்னுடையதில் ஒருநாள் முழுக்கக் கண்ணில் படவில்லை.

கீழே போய் ச.விடம் சொன்னேன், பிழை என்னுடையது என்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"துவக்கும் சனி முழுகிட்டுது."

எனக்குக் கை சுகமில்லை என்று ரொன்னிடம் சொல்லப் போனை எடுத்தேன். ஒரு தரம் மணி அடித்ததும் வெட்டிவிட்டேன். புள்ளிகளை மட்டும் திருத்தலாம், ஆனால் திருத்தியது தெரியும். ரொன்னின் கண்ணுக்குக் கட்டாயம் தெரியும்.

பி.ப. 2 முதல் 5 வரை குழல் முழுவதையும் அரத்தாளால் தேய்த்தேன். ஐந்து நாள் வேலையும் தூளாகக் கீழே. குழல் மறுபடி கரண்டி.

மார்ச் 9, திங்கள்

மழை, நல்லது. ஈரம் 81. மீண்டும் ஸ்பிரிட், சோக்கு. புதுக் கையுறை. கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டேன், கை அங்கே போகாதிருக்க. இனி நாளுக்கு இரண்டு பூச்சு, 7 மு.ப., 7 பி.ப. பூச்சு 1, 2.

மார்ச் 12, வியாழன்

காற்று. குப்பைத் தொட்டி மூடி பக்கத்து வீட்டில். மகள் மைதிலி போனில்: "அப்பா, ஆர் யூ ஓகே? அம்மா சொல்றா நீங்க பாத்ரூமை விட்டு வெளிய வாறேல்லையாம்." குழலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டேன்.

பூச்சு 7. நிறம் பனங்கட்டி. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு.

ச. பல் விளக்க வந்தாள். குளியலறைக்கு. பல்தூரிகையை வாயில் வைத்துக்கொண்டே:

"நேற்றையைவிடக் கறுத்திருக்கு."

அப்படியென்றால் நேற்றும் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 14, சனி

குளிர், வெயில். எண்ணெய் முழுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த சனிகள் தவிர, இப்படி ஒரு சனி நினைவில்லை. தலை அரித்தது. அரிக்கட்டும்.

இன்று துருவை நிறுத்தும் நாள். குழலைக் குளியல் தொட்டியில் சாய்த்து, கொதிநீர் நான்கு கேத்தல். அப்பச்சோடா குழைத்துப் பூசி, மறுபடி கொதிநீர். தேயிலைச் சாயம்போல் தண்ணீர் ஓடியது, பிறகு தெளிந்தது. சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும். ஒரு கையால் ஆப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போத்தல் மூடியைத் திறக்க ஏலவில்லை.

"விடுங்கோ, நான் பிடிக்கிறன்."

ச. மறுமுனையைப் பிடித்தாள். சேலைத் துண்டால் சுற்றி, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு. பிறகு குழலையே பார்த்தாள்.

"இப்ப எண்ணெய் படலாமோ?"

"இப்ப படத்தான் வேணும்."

எண்ணெய் பட்டதும் நிறம் ஆழமாயிற்று. ஆறியபின் தேன்மெழுகு, கம்பளித் துணியால் ஒரு மணி நேரம்.

மார்ச் 15, ஞாயிறு

தூறல். கழகம்.

குழலைத் துவக்கின் மரக்கட்டையில் பொருத்தி மேசையில் வைத்தேன். மற்றவர்களுடையவை பக்கத்தில். ரொன் கண்ணாடியை மாற்றி, யன்னலடிக்குக் கொண்டுபோய், பெருவிரலால் நுனிமுதல் அடிவரை தடவினார். திருப்பி மறுபக்கம். நான் எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை இருமுறை வாசித்தேன்.

"எந்தக் கடை?"

"வீட்டில். குளியலறையில்."

"முதல் தடவையா?"

ஓம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அது முழு உண்மையில்லை. ஆகவே சனி முழுக்கு, காது, மூன்று விரல், எல்லாம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரொன் சிரித்து இருமி, கதிரையில் இருந்துவிட்டார். நானும் சிரித்தேன்.

"என்னுடையதில் இவ்வளவு சீர் வந்ததில்லை" என்றார்.

போகும்போது காரிலிருந்து துவாயில் சுற்றிய நீளமான ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய பழைய துவக்கின் குழல், குழல் மட்டும். நிறம் போய்த் திட்டுத் திட்டாக. இதுவரை வேறு கைக்குக் கொடுத்ததில்லையாம்.

"அவசரமில்லை, நேதன். ஆனால் சனிக்கிழமை கவனம்."

ரயிலில் அதை மடியில் வைத்தபடி வந்தேன். பெருமை என்று எழுதக் கூச்சம். எழுதிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மழை. துவாயை விரித்தபோது ச.:

"இன்னொண்டோ?"

"ரொன்ட. என்னை நம்பித் தந்தது."

"அப்ப வடிவாச் செய்யுங்கோ." கொஞ்சம் கழித்து, "எங்கடயைவிட நல்லா வர வேண்டாம்."

ஸ்பிரிட், சோக்கு, பூச்சு 1.

மார்ச் 21, சனி

வெயில். பழக்கதோஷத்தில் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடினேன். குளியலறைத் தட்டில் இல்லை. குசினியில் இல்லை.

"சரசு, எண்ணெய் எங்க?"

கீழேயிருந்து:

"அந்த மனிசன்ட குழல் முடியட்டும். பிறகு தாறன்."

8.50, பூச்சு 5.