பச்ச வெளிச்சம் எதுக்கு?

மார்ச் 4

லைட்டுக்காரம்மாவுக்கு மாமனார் எழுதிக்கிறது.

பார்சல் வந்து சேந்துச்சு. பிரிச்சா மோதிரம்! கீழ்வீட்டு டெய்லர் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தான். "என்ன அண்ணே, இந்த வயசுல கல்யாணமா?"ன்னான். "ஆமாண்டா, பொண்ணு வீட்டுல ரொம்ப அவசரப்படுறாங்க"ன்னேன். பாதி நம்பிட்டான்.

ஜன்னல சாத்திட்டு மாட்டிப் பாத்தேன். விரலு உள்ளுக்குள்ள எரியுது. நெருப்பில்ல, சூடில்ல. சாயங்கால வானத்துல ஒரு துண்ட வெட்டித் தோலுக்குள்ள சொருகின மாதிரி. எனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா உன் மாமியாருக்குக் காட்டியிருப்பேன். பாவம், கடைசி வரைக்கும் என்னை வெறும் மாவு மூட்டைன்னு நெனச்சுட்டே போய்ச் சேந்துட்டா.

"கறுத்த தோல் வேணும், எங்க ஆபீஸ்ல ஆள் பத்தல"ன்னு எழுதியிருந்தே. சரியான ஆளத்தான் பிடிச்சே. மாவு மில்லு ஓட்டின காலம் பூரா நான் வெள்ளக்காரன். வீட்டுக்கு வந்து குளிச்சாத்தான் கறுப்பாவேன். சின்ன வயசுல உன் வீட்டுக்காரன், குளிச்சிட்டு வந்த என்னப் பாத்து யாரோன்னு அழுவான்.

வீட்டுக்காரன்னா திட்டுவே. சரி, மாஜி வீட்டுக்காரன். நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சீங்க. அந்தப் பேப்பர்ல நான் எங்கயும் கையெழுத்துப் போடலியே! மாஜி ஆகறதுக்கு நான் என்ன மந்திரியா?

மதியத் தூக்கத்துல போட்டுக்கச் சொன்னே, போட்டேன். கனவுல மில்லு ஓடுது. கோதுமைக்குப் பதிலா செவப்பு வெளிச்சத்தக் கொட்டி அரைக்கிறேன். ஜனங்க பாத்திரத்தோட வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தரும் பேசல. பெல்ட்டு சத்தம்கூட இல்ல. பாத்திரம் நெறைய நெறைய அவங்க மொகமெல்லாம் செவந்துட்டே வருது.

சந்தேகம் ரெண்டு. செவப்பு சரி, நடுவுல பச்சையா ஒண்ணு மினுக்குதே, அது அழகுக்கா? அப்புறம், மோதிரத்தோட வந்த சின்னப் பொட்டியில நம்பர் வருது. எத்தன வந்தா பாஸு?

இப்படிக்கு,
ராஜினாமா பண்ணாத மாமனார்

●

மார்ச் 17

அன்புள்ள மாமா,

இன்னும் 'மாமா' என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைச் சோதனை அறையில் படித்துச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் பயந்துபோனார். வெளி வெளிச்சம் பட்டால் அளவு கெட்டுவிடும் என்று எங்கள் அறைக்கு எப்போதும் கறுப்புத் திரை. பகல் எது என்றே தெரியாது. விரல் விரலாக மாட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

மோதிரம் தோலுக்குள் இரண்டு வெளிச்சத்தை அனுப்புகிறது. ஒன்று நீங்கள் பார்த்த சிவப்பு. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் சிவப்புக்கு வழிவிடும், குறைந்த ரத்தம் விழுங்கிவிடும். தப்பித்து வருவது எவ்வளவு என்று பார்த்து நம்பர் சொல்கிறோம். ஆனால் கறுத்த தோலும் தன் பங்குக்கு வெளிச்சத்தை விழுங்கும். பழைய கருவிகள் அதில் ஏமாந்து, மூச்சுக்குத் தவிக்கிறவரையும் "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அப்படி ஏமாறாத ஒன்றைச் செய்யத்தான் உங்கள் விரல்.

தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் பாஸ். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போனால் பெயரை அடித்துவிட்டு மோதிரத்தைத் திரும்ப வாங்கிவிடுவோம். இந்தச் சோதனைக்கு ஆரோக்கியமானவர்கள் மட்டும்தான் என்பது விதி.

பச்சை எதற்கு என்றா கேட்டீர்கள்? உங்கள் நிறத்தை ரசிக்க!

பெட்டிக்குள் அளவுகள் பதிவாகும் சின்ன அட்டை ஒன்று இருக்கும், அதைக் கடிதத்தோடு அனுப்புங்கள். கனவையும் எழுதுங்கள். அதை ஆபீஸ் கேட்கவில்லை, எனக்கு வேண்டும். போன் செய்தால் ஏன் எடுப்பதே இல்லை?

அன்புடன்,
லைட்டுக்காரி

●

ஏப்ரல் 2

ரசிக்கத் தெரிஞ்ச மருமகளுக்கு,

என் நிறத்த ரசிக்க ஒரு லைட்டே வெச்சியா! உன் மாமியாருக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சே.

அட்டைய உள்ள வெச்சிருக்கேன். தொண்ணூத்தெட்டு! பாஸு கீஸுன்னு சொல்லிடாத, ஃபர்ஸ்ட் கிளாஸ். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு என்னப் பாத்து "நீ உருப்பட மாட்டே"ன்னாரு. அவரு இருந்திருந்தா இந்த அட்டைய மூஞ்சிக்கு நேரா காட்டியிருப்பேன்.

போனா? போன்ல பேசுறது காத்தோட போயிடும். லெட்டர்னா தலகாணிக்கு அடியில வெச்சுக்கலாம். அதான்.

இங்க விசேஷம் ஒண்ணுமில்ல. டெய்லர் பய தெனம் மதியம் மாடியேறி வந்து நம்ம நாற்காலியில தூங்குறான். நல்ல கோதும நிறத்துல இருந்தவன், வெயிலே படாம மெஷின் பின்னால உக்காந்து உக்காந்து இன்னும் வெளுத்துட்டான். சும்மா தூங்குறதுக்கு டீ வேற கேக்குறான். நான் முன்ன மாதிரி கீழ எறங்குறதில்ல. எதுக்கு எறங்கணும்? வேணுங்கிறது எல்லாம் மேலயே வருது.

கனவு சொல்லச் சொன்னியே. மில்லு தண்ணிக்குள்ள கெடக்கு. பெல்ட்டு மெதுவா, ரொம்ப மெதுவா சுத்துது. மாவு பறக்குற மாதிரி மீனு பறக்குது. மேலேர்ந்து உன் மாமியா கூப்பிடுறா, "துணி காயப்போட நேரமாச்சு, எங்க போனீங்க?"ன்னு. படியேறுறேன். நான் ஒரு படி ஏறினா தண்ணியும் ஒரு படி ஏறுது. உச்சியில வெளிச்சம் தெரியுது, எட்டல. பயமெல்லாம் இல்லம்மா. அழகாத்தான் இருக்கு. அப்படியே நின்னுடலாம்னு தோணுது.

அடுத்த லெட்டர சீக்கிரம் போடு.

ஃபர்ஸ்ட் கிளாஸ் மாமனார்

●

ஏப்ரல் 12

அன்புள்ள மாமா,

டெய்லர் நலமா? அவருக்குத் தொண்ணூற்றெட்டு. அருமையான நுரையீரல். நான் பாராட்டினேன் என்று சொல்லுங்கள்.

பச்சை வெளிச்சம் உங்கள் நிறத்தை ரசிக்க என்றேனே, அது விளையாட்டில்லை. தோல் எவ்வளவு கறுப்பு என்று முதலில் அதுதான் பார்த்துச் சொல்லும். அதை வைத்துத்தான் மற்ற இரண்டும் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அட்டையைத் திறந்ததுமே பச்சை சொல்லிவிட்டது, இது என் மாமனார் தோலே இல்லை என்று. விரலில் மாவு பூசிக்கொண்டீர்களோ என்றுகூட நினைத்தேன். செய்யக்கூடியவர்தானே! மறுபடி கடிதத்தைப் படித்தால், கோதுமை நிறத்தில் ஒருவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தேன். கனவு வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. விரலை இரவல் வாங்கிவிட்டீர்கள் மாமா. கனவு உங்களுடையது. தண்ணீருக்குள் படியேறுகிறீர்கள், எட்டவில்லை என்கிறீர்கள், அழகாக இருக்கிறது என்று வேறு சொல்கிறீர்கள். மாடியை விட்டு இறங்குவதில்லை. போனை எடுப்பதில்லை, எடுத்தால் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டுவிடும்.

உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினேன். பிரிந்த பிறகு இதுதான் முதல் தடவை. பதற்றத்தில் இருவருக்கும் சண்டை போட மறந்துவிட்டது. அவர் வந்து உங்களை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போவார். அங்கே விரலில் மாட்டுவது நல்ல நம்பர் காட்டினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதனையிலிருந்து உங்கள் பெயரை அடித்துவிட்டேன். விதி. மோதிரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், ஆபீஸில் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் உங்கள் விரலில் மட்டும்தான் அது இருக்க வேண்டும்.

கடிதத்துக்கு விதி எதுவும் இல்லை.

உங்கள் மருமகள்

●

ஏப்ரல் 29

மருமகளுக்கு,

உன் பாராட்ட டெய்லர்கிட்ட சொன்னேன். "என் நுரையீரல் அவங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"ன்னு வெலவெலத்துப் போயிட்டான். அன்னிக்கு ஒரு சட்டைக்கு ரெண்டு பக்கமும் காஜா எடுத்து வெச்சுட்டான். பட்டன் தைக்க எடமே இல்ல.

உன் மாஜி வந்தான். ஆஸ்பத்திரியில விரல்ல ஒண்ணு மாட்டினாங்க. தொண்ணூத்து நாலு. டாக்டர் "பரவால்லியே, நல்லாத்தான் இருக்காரு"ன்னாரு. நானும் துண்ட உதறிட்டேன். இவன் விடல. "ரத்தம் எடுத்துப் பாருங்க சார், எம் பொண்டாட்டி சொல்லியிருக்கா"ன்னுட்டான். சொன்னதும் நாக்கக் கடிச்சுக்கிட்டான். நான் ஒண்ணும் காதுல விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். இத சொல்றது கோள் மூட்ட இல்ல. நடந்தத சொல்றேன்.

ரத்தம் வேற கத சொல்லிச்சு. டாக்டர் நாற்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்துட்டாரு. இப்ப கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மிஷினு. மூக்குல குழா. ராவும் பகலும் கொர்ருங்குது. மாவில்லாத மில்லு! கண்ண மூடினா முதலாளி மாதிரி இருக்கு.

ஏன் அப்படிப் பண்ணேன்னு நீ கேக்கல. ஆனாலும் சொல்றேன். மொதல் நாளே எனக்கு எம்பத்தெட்டுதான். மோதிரம் போனாப் போகட்டும், அப்புறம் எதச் சாக்கு வெச்சு நீ எனக்கு லெட்டர் போடுவே? விரலுக்காக எழுதுற பொண்ணு, விரலு வேணாம்னா நிறுத்திடுவான்னு ஒரு கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்துலயும் கணக்குலதான் ஃபெயிலு.

நேத்து மதியம் மோதிரத்த என் விரல்லயே போட்டுட்டுத் தூங்கினேன். தண்ணி எறங்கிடுச்சு. படியெல்லாம் ஈரமா பளபளன்னு கெடக்கு. கடைசிப் படி வரைக்கும் வந்துட்டேன். உன் மாமியா கொடியில துணி போட்டுட்டு இருந்தா. விரல நீட்டிக் காட்டினேன். செவப்பு ஒரு தடவ, பச்ச ஒரு தடவ. ரொம்ப நேரம் பாத்தா. "பரவால்லியே, உள்ள லைட்டெல்லாம் இருந்திருக்கே"ன்னா. "மேல வர்றீங்களா?"ன்னு கேக்கவே இல்ல. துணியத்தான் என் கையில குடுத்தா. "நீங்களே காயப்போடுங்க"ன்னு போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான்.

ஞாயித்துக்கிழம போன் பண்ணு. எடுக்கிறேன். நடுநடுவுல எனக்கு மூச்சு வாங்கும். அப்பல்லாம் நீ பேசு.

மாமனார்