ஜெர்மன்காரனான அண்ணை, பிரெஞ்சுக்காரியான தங்கச்சி

ஏப்ரல் 9, 2024. வெக்ஸ்போர்ட், கனடா
பெட்டி கட்டிவிட்டேன். தம்பி கிளிபோட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ். என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால், எனக்குச் சீனி வருத்தம், எடுக்கமாட்டார்களாம். ஜெர்மனியில் அண்ணை, பாரிஸில் தங்கச்சி. போனில் கேட்டால் இருவரும் நழுவுகிறார்கள். நேரே போய்க் கேட்கப்போகிறேன்.
“அப்பிடியே ஊரும் சுத்திப் பாத்திட்டு வாங்கோ அக்கா,” என்றான் தம்பி.

ஏப்ரல் 12. டோர்ட்முண்ட்
பஸ்ரியன் அண்ணை முழு ஜெர்மன்காரனாகிவிட்டார். ஒரு காரும் வராத தெருவில், பச்சை விளக்கு எரியும்வரை மழையில் நின்றோம். நான் குப்பையில் போட்ட தேயிலைப் பையை வெளியே எடுத்து, நூலை ஒரு வாளிக்கும் தேயிலையை வேறொரு வாளிக்கும் பிரித்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.
தம்பியின் கதையை எடுத்தேன். “புதன்கிழமை பின்னேரம் கதைப்பம்,” என்று கலண்டரில் எழுதினார். சொந்தத் தங்கச்சிக்கு அப்பொயின்மென்ற்!

ஏப்ரல் 17
சொன்ன நேரத்துக்கு மேசைக்கு வந்தார்.
“வடிவா யோசிச்சனான். ஏலாது. எனக்கும் பிள்ளையள் இருக்கு.”
அவ்வளவுதான். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் — ஏன் வரவில்லை?

ஏப்ரல் 19. பாரிஸ்
ஸ்டேஷனிலேயே தங்கச்சி அன்ரனெற் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தாள். நாங்கள் எப்போது முத்தம் கொடுத்து வளர்ந்தோம்? மத்தியானச் சாப்பாடு பின்னேரம்வரை நீண்டது. சீஸின் நாற்றத்துக்குக் கருவாடு கிட்ட நிற்காது. “கனடாக்காரருக்குச் சாப்பிடத் தெரியாது,” என்கிறாள்!
தம்பி என்றதும் அழுதாள். “என்ர தம்பியெல்லே! ஓம் அக்கா, ஓம்.”
எப்போது டெஸ்ட் எடுப்பாய் என்றேன். இன்னொரு சீஸ் வந்தது.

ஏப்ரல் 23
திரும்பவும் கேட்டேன். “இண்டைக்கு ரத்தம் சோதிக்கிற லாப் ஸ்ட்ரைக், அக்கா.” பாண் வாங்கப் போனபோது பார்த்தேன் — லாப் திறந்திருந்தது. சனம் போய் வருகிறது.
உவளின்ர ‘ஓம்’ஐ விட அண்ணையின்ர ‘ஏலாது’ எவ்வளவோ மேல். கடவுளே, நான் போய்த் தம்பிக்கு என்னத்தைச் சொல்ல?

ஏப்ரல் 26. வெக்ஸ்போர்ட்
டயலிசிஸ் கதிரையில் தம்பி. எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலைப் பைக் கதைக்கு இருமி இருமிச் சிரித்தான். நேர்ஸ் ஊசியைப் பிழையாகக் குத்த, இவன் அவளிடம் ‘சொறி, சொறி’ என்று மன்னிப்புக் கேட்கிறான். “நீதான்ரா அசல் கனடாக்காரன்,” என்றேன்.
ஊசி ஏறியதும் என் பக்கம் திரும்பினான்.
“அப்ப ஒருத்தரும் இல்லை, என்னக்கா?”
போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

மே 30
அன்ரனெற் இதயப் படங்கள் அனுப்புகிறாள். வேறொன்றுமில்லை.

ஜூன் 15
தம்பியால் இனித் தன் வீட்டுப் படி ஏற முடியாது. வேறு யாருடைய சிறுநீரகமாவது கிடைக்க வருஷக்கணக்காகுமாம். இன்று என்னிடம் வந்துவிட்டான். முன் அறையில் சோபா கிடந்த இடத்தில் கட்டில் போட்டிருக்கிறேன்.
“உங்களுக்குத்தான் கரைச்சல். எவ்வளவு நாளைக்கு அக்கா?”
“சோபாவைக் குடுத்தாச்சு,” என்றேன்.