வாசிப்புக் காட்சியில் தெரியாதது

மார்ச் 4, காலை 7.10. முகிலி நிலையம், நிலவின் தென்முனை

"ஒரே பக்கத்தை நூறு தடவை சலிக்காமல் படிப்பீர்களா?" என்று தேர்வுக் குழுவில் ஒருவர் என்னைக் கேட்டார். எட்டாம் வகுப்புக்கு முப்பது வருஷம் ஒரே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் வேலை கொடுத்தார்கள் போலிருக்கிறது.

என் பெயர் அமலோற்பவம். இங்கே என் பதவி வாசிப்பாளர். விண்ணுடை போட்டு வெளியே வேலை செய்கிறவருக்கு இரண்டு கையிலும் கருவி இருக்கும். கையேட்டைப் புரட்ட முடியாது. நான் உள்ளே உட்கார்ந்து செய்முறைப் பக்கத்தை வானொலியில் வரி வரியாகப் படிப்பேன். அவர் "ஆச்சு" என்றால் அடுத்த வரிக்குப் போவேன். இயந்திரக் குரலும் இருந்தது. அது "ஆச்சு"க்கும் "ஐயோ"வுக்கும் வித்தியாசம் பார்க்காமல் படித்துக்கொண்டே போனதால் அதை நிறுத்திவிட்டார்கள்.

நிலையத்தில் இப்போது இரண்டு பேர்தான். நானும் பொறியாளர் நாகூர்கனியும். மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அடுத்த குழு வர ஒரு மாதமாகும். பூமி நேற்று தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நடுவில் நின்று செய்தி கடத்தும் செயற்கைக்கோள் போன மாதமே ஊமையாகிவிட்டதால், பூமி மறுபடி எழும்வரை தரை நிலையத்தோடு பேச்சில்லை. இந்தப் பதிவுகள் இங்கேயே சேர்ந்து, பூமி எழுந்ததும் தானாகப் போகும்.

கனி இன்று வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குகிறார். பனி உருக்கும் பம்பு நின்றுவிட்டது. சரிசெய்யும்வரை அங்கேயே காற்று நிரப்பிய கூடாரம் போட்டுத் தங்குவார். எல்லாம் ஒழுங்கு.

மார்ச் 4, பிற்பகல் 3.30

கூடாரம் எழும்பிவிட்டது. குறித்த இடத்தில் கல் அதிகம் என்று கனி கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்.

காற்று வடிகட்டி டப்பாக்களைப் பொருத்தும் பக்கத்தைப் படித்தேன். நாம் வெளியே விடுகிற கரியமில வாயுவை இந்த டப்பா உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழாய் வைத்து ஊதினால் பால்போல் வெளுக்கும் அல்லவா, பள்ளியில் எல்லோரும் செய்திருப்பீர்கள். அதே வேலைதான்.

இங்கே எல்லாச் செய்முறையும் உலாவியில் திறக்கும் வலைப்பக்கங்கள். தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் கண்காட்சிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு பக்கம் படம் ஓடும். இன்னொரு பக்கம் நட்சத்திர மதிப்பெண் கேட்கும். நடுவில் தலையை நீட்டி "உதவட்டுமா?" என்று ஒரு பொம்மை கையாட்டும். அதனால் நான் எப்போதும் வாசிப்புக் காட்சியைத்தான் பயன்படுத்துவேன். முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்னப் புத்தகப் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் ஒழிந்து, வெள்ளைத் தாளில் பெரிய எழுத்து மட்டும் நிற்கும். தேர்வு அறையில் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி. தரை நிலையத்தாருக்கும் சொன்னேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்து, இங்கேயும் அங்கேயும் எல்லாத் திரையிலும் அதையே வழக்கமாக வைத்துவிட்டார்கள்.

"மூடியைத் திருகி எடுக்கவும்."

"ஆச்சு டீச்சரம்மா."

"டப்பாவைக் குழியில் வைத்து வலப்பக்கம் திருப்பவும்."

"ஆச்சு. ரெண்டும் ஆச்சு. நீல வளையம் போட்டு புதுசா அனுப்பியிருக்கான், மாப்பிள்ளை மோதிரம் மாதிரி."

"விசிறியை இயக்கவும்."

"ஓடுது. காத்து வருது. நீங்க போய் ரெண்டு இட்லி சாப்பிடுங்க. நான் நோன்புக்காரன், என் முன்னால சாப்பாட்டுப் பேச்சு எடுக்காதீங்க."

"இட்லியை எடுத்தது நீங்கதான் தம்பி."

இங்கே சூரியன் தொடுவானத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அவர் தன் ஊரான கடையநல்லூர் நேரத்துக்கே நோன்பு பிடிக்கிறார், திறக்கிறார்.

மார்ச் 5, காலை 10.15

பம்பு வேலை பாதி முடிந்தது. கனிக்குத் தலைவலி.

"மண்டையிடி தாங்கல டீச்சரம்மா. விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுல டீ குடிக்க மறந்து தூங்கிட்டேன்."

"டீக்கு அடிமையானவங்க எல்லாருக்கும் முதல் வாரம் இப்படித்தான். கொஞ்சம் படுங்க."

"முதல் வாரமா? இன்னைக்கு இருபதாவது நோன்பு."

"அப்போ வெயிலில் திரிஞ்சிருப்பீங்க."

"பள்ளத்துல ஏது வெயிலு? உங்க பிள்ளைங்க பாவம், பதில் தெரியாட்டியும் டீச்சர் மழுப்பிருவாங்க."

சிரித்தோம். ஓய்வெடுக்கச் சொன்னேன்.

மார்ச் 5, பிற்பகல் 2.40

கனி வேலையை நிறுத்திவிட்டார். குரல் குழைகிறது. கூடாரத்துக் காற்றுமானியில் எண் என்ன என்று கேட்டேன். "அஞ்சு" என்றார். காலையில் பார்த்தீர்களா என்றேன். "ரெண்டோ மூணோ இருந்துச்சு."

காற்றுமானியின் பக்கத்தைத் திறந்தேன். "எண்களின் பொருளைக் கீழே உள்ள அட்டவணையில் காண்க" என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி, "கருவியை ஈரத்துணியால் துடைக்கலாம்." அட்டவணை வேறு பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. விசிறியைக் கூட்டச் சொன்னேன். கூட்டியிருக்கிறார்.

மார்ச் 5, பிற்பகல் 3.20

எண் ஏழு.

"விசிறி நல்லா ஓடுதா தம்பி?"

"ஓடுது ஓடுது. ரயில் மாதிரி ஓடுது. நம்ம தென்காசி பாசஞ்சர்..." அப்புறம் என்னவோ சொன்னார். புரியவில்லை.

அதே பக்கத்துக்கு மறுபடி வந்தேன். "கீழே உள்ள அட்டவணையில் காண்க." கீழே என்றால் கீழேதான் இருக்க வேண்டும். எழுதியவருக்குப் பைத்தியமா? வினாத்தாளைக் கொடுத்ததும் நான் முதலில் சொல்வது, பின்பக்கமும் பாருங்கள் பிள்ளைகளா, அங்கேயும் கேள்வி இருக்கும் என்பதுதான். சின்னப் புத்தகப் படத்தை அழுத்தி வாசிப்புக் காட்சியை அணைத்தேன்.

படம் ஓடியது. பொம்மை கையாட்டியது. வரிகளுக்கு நடுவே அட்டவணை இருந்தது.

ஐந்து: தலைவலி. ஏழு: குழப்பம், தடுமாற்றம். பத்து: நினைவு தப்பும். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

மார்ச் 5, பிற்பகல் 3.26

வடிகட்டிப் பக்கத்தையும் அப்படியே திறந்தேன். நேற்று நான் படித்த மூன்று வரிகளும் இருந்தன. அவற்றுக்கு வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி. புது டப்பா வந்தபோது பழைய வரிகளைத் திருத்தாமல் பக்கத்தில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். வாசிப்புக் காட்சி அதையும் விளம்பரம் என்று எண்ணி எடுத்துவிட்டது.

"நீல வளையம் உள்ள டப்பாவில் மூடிக்கு அடியில் வெள்ளிச் சவ்வு ஒன்று இருக்கும். பொருத்துமுன் கிழித்து எடுக்கவும். எடுக்காவிட்டாலும் விசிறி ஓடும், காற்றும் வரும். ஆனால் வடிகட்டாது."

நேற்றிலிருந்து அவர் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார். நான் படித்துக் கொடுத்தபடி.

மார்ச் 5, பிற்பகல் 3.50

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, டப்பாவைக் கழற்றுங்க. உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு இருக்கு. அதைக் கிழிங்க."

"எந்த டப்பா?"

"விசிறிக்கு மேலே. நீல வளையம்."

"சரி." நீண்ட நேரம் பெருமூச்சுச் சத்தம் மட்டும். "எந்திரிக்க முடியல டீச்சரம்மா. காலு என்னுது இல்ல."

"எழுந்திரிக்க வேண்டாம். தவழுங்க. விசிறிச் சத்தம் எங்கே கேட்குதோ அந்தப் பக்கம்."

"போறேன்... போறேன்."

"வெள்ளியா ஏதாவது தெரியுதா?"

"தெரியுது. பளபளன்னு."

"அதுதான். கிழிங்க."

கிழிகிற சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"டீச்சரம்மா, கஞ்சி வாசம் அடிக்கி."

"என்ன?"

"நோன்புக் கஞ்சி. ஆனா இன்னும் நேரம் ஆகலியே. திறக்கலாமா? பாங்கு சொல்லிட்டாங்களா?"

அவர் கிழித்தது சாப்பாட்டுப் பொட்டலம்.

கத்தினேன். ஒரு வகுப்பிலும் அப்படிக் கத்தியதில்லை. "நேரம் ஆச்சா, நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா" என்று குழந்தைபோல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்கவில்லை. இப்போது வானொலியில் விசிறி மட்டும்தான் கேட்கிறது. அது நன்றாக ஓடுகிறது.

மார்ச் 5, மாலை 4.15

இருந்த ஒரு வண்டி அவரிடம். சரக்கு இழுக்கும் ஆளில்லா வண்டி ஒன்று, மாற்று டப்பாக்கள் ஏற்றியபடி, வாசலில் நிற்கிறது. அதை ஓட்டும் அதிகாரம் தரை நிலையத்துக்கு மட்டும். பூமி எழ இன்னும் ஒரு வாரம்.

நடக்கப் போகிறேன். பள்ளத்தின் விளிம்புவரை மேடு, அப்புறம் இறக்கம். பயிற்சிக்கு நாலைந்து முறை வெளியே போயிருக்கிறேன், எப்போதும் கனி முன்னால் நடப்பார்.

விண்ணுடைப் பக்கத்தை முழுதாகத் திறந்து வைத்திருக்கிறேன். எனக்கு நானே வாசிப்பாளர். "இந்தப் பக்கம் உங்களுக்குப் பயன்பட்டதா?" என்று கேட்கிறது. பொம்மை உதவட்டுமா என்கிறது. எல்லாவற்றையும் படிக்கிறேன், ஒரு மூலை விடாமல். என் விண்ணுடையின் டப்பாவிலும் நீல வளையம். சவ்வைக் கிழித்து எடுத்துவிட்டேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

இனிமேல் தலைக்கவசத்து ஒலிவாங்கியில் பேசுவேன். அதுவே எழுத்தாகும்.

மார்ச் 5, மாலை 5.05

விளிம்புக்கு வந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது. பின்னால் வெளிச்சம், முன்னால் கிணறுபோல் இருட்டு. கனி தம்பி, கேட்கிறதா? வந்துகொண்டிருக்கிறேன். நேரம் ஆனதும் நான் சொல்கிறேன். அதுவரை மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். மூச்சு மட்டும்.

மார்ச் 5, மாலை 5.50

கூடாரம் குறித்த இடத்தில் இல்லை. தள்ளிப் போட்டேன் என்றாரே. எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கல்லாக இருக்கிறது. இரண்டு முறை விழுந்தேன். முழங்கால்... பரவாயில்லை. காற்று பாதிக்குக் கீழே போய்விட்டது. திரும்பிப் போகப் போதாது. அது நல்லது. இனி யோசிக்க ஒன்றும் இல்லை.

வண்டிச் சக்கரத் தடம். தடம் இருக்கிறது.

மார்ச் 5, மாலை 6.25

உள்ளே வந்துவிட்டேன். இரண்டு டப்பாவையும் கழற்றிச் சவ்வைக் கிழித்துப் பொருத்திவிட்டேன். ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. உடையவில்லை.

மானியில் பதினொன்று. கனியின் மார்பு ஏறி இறங்குகிறது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கவசக் காற்றைக் கொஞ்சம் அவர் முகத்துக்குத் திருப்பினேன்.

மார்ச் 5, இரவு 8.00

எட்டு. குறைகிறது. கூப்பிட்டால் விழி அசைகிறது. பேச்சில்லை. தரையெல்லாம் கஞ்சி.

வண்டியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. குழப்பத்தில் விளக்குகளை எரியவிட்டிருக்கிறார். இரண்டு விண்ணுடையிலும் திரும்பி நடக்கக் காற்றில்லை. இருந்தாலும் இவரைத் தூக்கி மேடேற என்னால் ஆகாது.

மார்ச் 6, காலை 6.30

கனி ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணி." கொடுத்தேன். இன்று நோன்பு வேண்டாம், நோயாளிக்கு விலக்கு உண்டு என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள் என்றேன். தலையசைத்த மாதிரி இருந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

டப்பாக்கள் ஒருவருக்காக அளந்து அனுப்பியவை. இரண்டு பேர் மூச்சு விடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி எழும் நாள்வரை தாங்கும். அதற்கு மேல் ஒரு நாள் தாங்காது. ஆகவே நீங்கள், தரை நிலையத்தில் இதை வாசிக்கிறவர், அன்றைக்கே அந்தச் சரக்கு வண்டியை டப்பாக்களோடு எங்களிடம் ஓட்டிவிட வேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் முடிந்தது.

நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குறித்த இடத்துக்கு அனுப்பினால் வண்டி கல்லுக்கு நடுவே நின்றுவிடும். இருட்டில் தடம் பிடித்து வந்தேன், திசைகூடத் தெரியாது. ஆனால் என் விண்ணுடை நான் வைத்த ஒவ்வொரு அடியையும் குறித்து அனுப்பியிருக்கிறது. அது வரைபடமாக இந்தப் பதிவுப் பக்கத்திலேயே ஓரத்தில் நிற்கும். அதை என்னால் இந்த வரிகளுக்குள் கொண்டுவர முடியாது.

உங்கள் திரையில் இப்போது வெள்ளைத் தாளும் பெரிய எழுத்தும் மட்டும்தானே தெரிகிறது? படிக்கச் சுகமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

குரல் போய்க்கொண்டிருக்கி... ஒலிவாங்கியின் மின்கலம். சுருக்கமாகச் சொல்கிறேன். கனி மூச்சு விடுகிறார். நானும்.

முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்னப் புத்தகப் படம் இருக்கும். அதை அழுத்தி வாசிப்புக் காட்சியை அணைத்துவிட்டு, வலது பக்கம் பாருங்கள்.