மீன் தூங்குகிறது

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. சந்தில் கணுக்காலளவு தண்ணீர். மூன்று நாள் துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை.

போன் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இனிக் குக்கரில் சாய்த்துவைக்க வேண்டாம். போன மாதம் போன் சரிந்து ரசத்தில் விழுந்தது. தென்காசியில் தங்கை ஜோதி அரை நிமிடம் வெறும் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

தங்கையோடு வீடியோவில் பேச நானே கண்டுபிடித்த விதிகள்:
– போன் கையில் கூடாது. இரண்டு கையும் வேண்டும்.
– ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே. முகம் கறுத்துவிடும்.
– பூப்போட்ட நைட்டி ஆகாது. விரல் அதில் தொலைந்துபோகும்.
– படம் உறைந்தால் கையை நிறுத்து. இல்லாவிட்டால் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும்.

பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. எங்கள் பேச்சு கையால்தான். சின்ன வயதில் இதே மட்டாஞ்சேரிச் சந்தில் நாங்களாக உண்டாக்கிய பாஷை. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. தோளில் விளக்குமாற்றைச் சாய்த்தால் அப்பா, கார்ப்பரேஷன் வேலை அல்லவா. மோவாயில் விரல் வைத்தால் நான், மச்சம் இருப்பதால். கல்யாணமாகிப் போன பிறகு கணவர் செல்வம் அவளுக்கு முறையான சைகை மொழி கற்றுக்கொடுத்தார். அவருக்கும் காது கேட்காது. கோயம்புத்தூரில் லேத் வேலை, மாதம் இரண்டு முறைதான் வீடு. இன்று மூன்று பேரும் வீடியோவில். அவர்கள் இருவரின் கையும் பறந்தது. எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. அந்தப் பத்து நிமிடம் காது கேளாதவள் நான்தான்.

பரவாயில்லை. கற்றுக்கொண்டால் வந்துவிடும்.

ஜோதிக்கு ஒன்பதாம் மாதம். அம்மா இருந்திருந்தால் தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வந்திருப்பாள். நான் கூப்பிட்டேன். ஒரே அறை, சந்தில் தண்ணீர், நான் வேலைக்குப் போய்விட்டால் பார்க்க ஆள் இல்லை. அவள் மாமியார், “இங்கயே இருக்கட்டும் மல்லிகா” என்றார். நியாயம்தான். ஆனாலும் உறுத்தல்.

எழுதும்போது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். அவருக்கு மலையாளம்தான் படிக்க வரும்.

ஜூன் 11, புதன்

நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் இன்று பதினான்கு அறை காலி செய்தார்கள். துணி மடிக்கும் லினன் அறையில் ஷீட்டு மலை. முதுகு கழன்றுவிட்டது.

மா. 4.30 வீடியோவில் ஜோதி. முகம் சரியில்லை. மீன் எப்படி என்று கேட்டேன். வயிற்றுப் பிள்ளைக்கு அவள் வைத்த பெயர் மீன். உள்ளங்கையை வால் மாதிரி ஆட்டுவாள், துள்ளல் அதிகம் என்றால் கை தோளுக்கு மேலே போகும். இன்று கை ஆடவில்லை. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். மீன் தூங்குகிறது.

எத்தனை நாளாக?

ஒரு விரல். யோசித்து இன்னொரு அரை விரல்.

மாமியாரிடம் சொன்னாயா? சொன்னாளாம். மீன் என்று காட்டியதும் அவர் நெத்திலி வாங்கி வந்து குழம்பு வைத்தாராம். சிரிப்பு வரவேண்டியது, வரவில்லை.

உடனே அவள் மாமியாருக்கு, அத்தைக்கு, போன் போட்டேன்.

“எம்மா, நல்லாத்தான் இருக்கா. சோறு திங்கா, தூங்குதா. கடைசி மாசம்லா, பிள்ள அப்படித்தான் அடங்கிக் கெடக்கும்.”

“இருக்கலாம் அத்தை. நாளைக்கு ஒருதரம் காட்டிருங்க.”

“சரி, காட்டுதேன்.”

இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவங்க வீட்டுக் காரியம். நீ இங்க இருந்துட்டு எந்து செய்யப் போற?” என்றார்.

செய்வேன்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டுவிட்டு. கரண்ட் போய்ப் போய் வந்தது. டேட்டா போட்டுவைத்தேன்.

மதியம் அத்தை. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினார்களாம். “எல்லாம் நல்லாருக்காம் மல்லிகா, சத்து மாத்திர குடுத்திருக்காவ.” மனசு லேசானது. ஐந்து நிமிடத்துக்கு.

4.30க்கு ஜோதியைக் கேட்டேன். நர்ஸ் என்ன கேட்டார்? தோளைக் குலுக்கினாள். நீ என்ன சொன்னாய்? தலையாட்டிக் காட்டினாள். வேகமாக மூன்று தரம், கூடவே ஒரு சிரிப்பு.

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். ஸ்கூலில் டீச்சர்களிடம் அதுதான். படகுக் கண்டக்டரிடம் அதுதான். ஒன்றுமே புரியாதபோதுதான் அவ்வளவு அழகாகத் தலையாட்டுவாள்.

துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறாள், மலையாளத்தில். இங்கே படித்த பிள்ளை, அதுதானே வரும். நர்ஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டாராம். வயிற்றில் மெஷின் வைத்தார்களா? இல்லை. எடை, பிரஷர். அவ்வளவுதான்.

மீன்? இன்னும் தூக்கம்.

மறுபடி அத்தைக்குப் போன். நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரி என்றேன். குரல் மாறிவிட்டது.

“நீ அங்கருந்து போன்ல பாத்துக்கிட்டுச் சொல்லுத. கூடவே கெடக்கவ எனக்குத் தெரியாதா? நான் அவளச் சரியாப் பாக்கலன்னு சொல்லுதியா?”

“இல்ல அத்தை. என்னைவிட நல்லாப் பாக்கறீங்க. ஆனா அவ மனசுல இருக்கறது உங்ககிட்ட வந்து சேரல. நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. போன்லதான்.”

 

“போனுக்குச் சார்ஜ் போட்டு வைக்கேன்” என்றார் அத்தை.

ஜூன் 13, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

கா. 10.20 அத்தையின் வீடியோ கால். நான் லினன் அறையில். ஸ்டாண்ட் வீட்டில்! இரண்டு ஷீட்டு அடுக்குக்கு நடுவில் போனைச் செருகினேன். வைஃபை வேண்டும், வேலையாட்களுக்குக் கிடையாது. சூப்பர்வைசர் ஷீபா சேச்சி வாசலில் வந்து நின்றார்.

“எந்தா மல்லிகே, ஜோலி சமயத்தாணோ போன்?”

சொன்னேன். போனை வாங்கி கெஸ்ட் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

அங்கே நர்ஸ்: “உள்ள போன் பேசக் கூடாதும்மா. ஆஃப் பண்ணுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை: “இது போன் இல்லம்மா, இவ அக்கா. அக்கா இல்லாம இவ என்ன சொல்லுதான்னு ஒருத்தருக்கும் வெளங்காது. எனக்கே வெளங்கல.”

அந்தக் கடைசி வார்த்தை. அவரை நான் தப்பாக நினைத்திருந்தேன்.

லேடி டாக்டர். இளவயது, அவசரக்காரி, ஆனால் கேட்டார். கடைசியாக எப்போது நன்றாகத் துள்ளியது? ஜோதி: திங்கள், விளக்கு வைக்கும் நேரம், பாயசம் குடித்த பிறகு. நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதினார். வலி? இல்லை. தண்ணீர் போனதா? கொஞ்சம், மூத்திரம் என்று நினைத்தாளாம். இதை யாரிடம் சொன்னாய்? யாரும் கேட்கவில்லை.

வயிற்றில் பட்டை கட்டி மெஷின். அத்தை போனை மடியில் மல்லாத்தி வைத்துவிட்டார். இருபது நிமிடம் எனக்கு அந்த ஆஸ்பத்திரியின் ஃபேன் மட்டும்தான் தெரிந்தது. தலையணை உறைகளை மடித்தேன். பிரித்தேன். திரும்ப மடித்தேன்.

பிறகு டாக்டரின் குரல்: “குழந்தையோட நாடித்துடிப்பு நடுநடுவுல இறங்குது. பனிக்குடத்துல தண்ணி கம்மியாயிருச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். புரியுதாம்மா?”

“அத்தை, போனைத் தூக்குங்க!”

ஜோதி தலையாட்டிக்கொண்டிருந்தாள். மூன்று தரம், சிரிப்போடு. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

“டாக்டர், நிறுத்துங்க. அவ அப்படித் தலையாட்டினா ஒண்ணுமே புரியலைன்னு அர்த்தம்.”

டாக்டர் போனைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் தரேன். நீங்க சொல்லுங்க.”

ஆபரேஷனுக்கு எங்கள் பாஷையில் கையே இல்லை. முறையான சைகையும் எனக்குத் தெரியாது. இருப்பதை வைத்துச் சொன்னேன். மீன். குளம். குளத்தில் தண்ணீர் வற்றுகிறது. மீனுக்கு மூச்சுத் திணறல். டாக்டர் உன் வயிற்றை இங்கே கீறி மீனை வெளியே எடுப்பார். முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே தூங்கும், நீ முழித்திருப்பாய், வலிக்காது. பிறகு தையல், நம் அம்மா ரவிக்கை தைப்பது மாதிரி.

அவள் சிரிப்பு போய்விட்டது. கேட்டாள்: மீன் செத்துவிடுமா?

பொய் சொல்ல வரவில்லை. டாக்டரிடமே கேட்டேன். “இப்ப எடுத்தா நல்லாருக்கும். அதுக்குத்தான் அவசரப்படுறேன்” என்றார். அதை அப்படியே கையில் சொன்னேன்.

ஜோதி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தலையாட்டல். மெதுவாக.

“இது புரிஞ்ச தலையாட்டல் டாக்டர்.”

கையெழுத்துப் போட்டாள். உள்ளே கொண்டுபோகும்போது போனைப் பார்த்து மோவாயில் விரல் வைத்துக் காட்டினாள். அக்கா. எனக்கு அது போதும்.

ம. 12.50. பெண். இரண்டு கிலோ நூறு. அத்தை போனைத் தொட்டில் பக்கம் நீட்டினார். என்ன ஒரு கத்தல்! இங்கே நானும் கத்திவிட்டேன் போல, ஷீபா சேச்சி கதவைத் திறந்தார். பார்த்தார். கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினார்.

“கரையாதே மல்லிகே. ஷீட்டு நனையும்.”

ஜூன் 14, சனி

தூங்கினேன். பத்து மணி நேரம்.

செல்வம் வந்து சேர்ந்துவிட்டார். வீடியோவில் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார். ‘ஆபரேஷன்’ என்பதற்கான சரியான சைகையை எனக்குக் கற்றுக்கொடுத்தார், ஐந்து தரம். இரண்டு விநாடி வேலை. நேற்று எனக்குக் குளமெல்லாம் வெட்ட வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் ஆட்டோவை எடுக்காமல் வாசலிலேயே நின்றார். “நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். சாயா போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன?

ஜூன் 18, புதன்

வெயில்! எல்லாத் துணியும் மொட்டைமாடியில்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜோதியும் பிள்ளையும் இன்று வீட்டுக்கு. புறப்படும் முன் குழந்தைக்குக் காது டெஸ்ட். அத்தை போனில் பாடாத குறை. “ரெண்டு காதும் கேக்கு மல்லிகா! ரெண்டும்!” அழுதார். எனக்கும் சந்தோஷம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாலையில் ஜோதி. முகத்தில் துக்கமில்லை. ஆனால் கணக்குப் போடும் முகம். கையில் சொன்னாள்: கேட்காதிருந்தால் எல்லாம் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன். எனக்குப் பயமே இல்லை. இப்போது இவளுக்குக் கேட்கிறது. பேச்சை யார் கொடுப்பது? அத்தை பாதி நாள் வயல் வேலை.

மோவாயில் விரல் வைத்தேன். தினமும் நாலரை மணி. நான்.

தமிழா, மலையாளமா?

இரண்டும்.

கை?

கை உன் பொறுப்பு.

ஒரே ஒரு தலையாட்டல். மெதுவாக.

ஜூன் 22, ஞாயிறு

தூறல். இன்றுதான் முதல் பாடம். நாலு நாளாக நெட்வொர்க்கும் இல்லை, பிள்ளை முழித்தும் இல்லை.

தலையை வாரி, பூவில்லாத நைட்டி போட்டு உட்கார்ந்தேன். ஜோதி போனைத் தலையணையில் நிறுத்தி, பக்கத்தில் அவளும் படுத்துக்கொண்டாள். நடுவில் பிள்ளை. கைப்பிடி அளவு முகம். தூக்கம்.

“கண்ணு, பெரியம்மா பேசறேன். கொச்சியிலேர்ந்து பேசறேன்.” ஒன்றுமில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று சொன்னேன். மழை எப்படி என்று சொன்னேன். படகுத் துறையில் அறிவிப்புப் படிக்கிறவர் மாதிரி இருந்தது எனக்கே. பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஜோதி பொறுமையாகக் காத்திருந்தாள், என் வாயையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

அப்போது பார்த்து அடுத்த வீட்டுப் பூனை என் பால் பாத்திரத்தில் தலையை விட்டுவிட்டது.

“ஏய், போ பூச்சே! போ அங்கிட்டு!”

குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் விரிந்தன. கண் திறந்தது. அழவில்லை. மெல்லத் தலையைத் திருப்பிப் போன் பக்கம், என் பக்கம் பார்த்தது.

ஜோதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தன் மகள் கேட்பதை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கை அவசரமாக அசைந்தது. நீ என்ன சொன்னாய்?

என்ன செய்ய, உள்ளதைச் சொன்னேன். பூனை. பால். போ.

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் காட்டினாள்: இன்னொரு தடவை சொல்லு.

பூனை எப்போதோ ஓடிவிட்டது. இருந்தாலும் கத்தினேன்.